பெட்டியில் ஆறு 'ஏ'

வடக்கு டகோட்டாவில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
கையுறைக்குள் விரல் இருக்கிறது என்பது
நம்பிக்கைதான், தகவல் இல்லை.
நீளக் கழியின் நுனியில் உறிஞ்சு ரப்பர்,
அதன் நுனியில் ஓர் எழுத்து,
அதற்கு மேல் காற்று.

ஹார்லன் க்ரீக் மேல்நிலைப் பள்ளியில்
தரை துடைப்பதும் நான்,
கொதிகலனோடு சண்டை போடுவதும் நான்,
திங்கட்கிழமைகளில்
ஊருக்குச் சேதி சொல்வதும் நான்.

தலைமையாசிரியை சீட்டு ஒன்று தருவார்.
இந்த வாரம்:
வெள்ளி ஏழு மணிக்கு பேண்ட் கச்சேரி.
வொய்சிகோவ்ஸ்கி, மாநில மல்யுத்தத்தில் இரண்டாமிடம்.
ஓரத்தில், 'இடம் இருந்தால்' என்று போட்டு,
ரத்த தானம், கல்லூரிக் கட்டண உதவிப் படிவ இரவு,
ஏப்ரலில் நாடகம்.
இடம் இருந்ததே இல்லை.
அவருக்கும் தெரியும்.

இருபத்தாறே எழுத்துள்ள மொழி.
அதிலும் இத்தனை பஞ்சம்.
வொய்சிகோவ்ஸ்கிக்கு டபிள்யூ இரண்டு வேண்டும்,
பெட்டியில் இருப்பது ஒன்று.
'எம்' ஒன்றைத் தலைகீழாக மாட்டினேன்.
கொஞ்சம் காலை அகட்டி நின்றது,
பிடி போடப் போகிறவன் மாதிரியே.

பையன் மதியம் வந்து பார்த்தான்.
உதட்டில் இன்னும் தையல்.
"இரண்டாமிடங்கிறதை எடுத்துடுங்களேன்."
"எடுத்தால் வெறும் பேர் நிற்கும்,
செத்துப்போனவனுக்கு எழுதின மாதிரி."
சிரித்தான். தையல் இழுத்தது. போய்விட்டான்.

அது சாலைப் பக்கம். லாரிக்காரர்கள் படிப்பது.

பலகைக்கு இன்னொரு முகம் உண்டு,
சூரியகாந்தி வயலைப் பார்த்து.
அதற்குச் சீட்டு வருவதில்லை.
ஜூனில் நான் மாட்டிய
'விடுமுறை இனிதாகட்டும்'
வால் உதிர்ந்து
இனிதா, இனிதா என்று
பனியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கமாக வருகிற ஒரே வண்டி
ஒன்பதாம் நம்பர் பள்ளிப் பேருந்து.
கடைசி இருக்கையில் கோரா ஹெக்லண்ட்.
இரவு பதினொன்று வரை
முதியோர் இல்லத்தில் பாத்திரம் கழுவுகிறவள்.
என் தரை ஈரமாக இருந்தால்
ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பாள்.
எண்ணூறு பேர் படிக்கிற பள்ளி இது.

அல்ஜீப்ராவில் இரண்டு தரம் தவறினாள்.
மூன்றாம் தரம் அறுபத்தொன்பது.
அந்தத் தாளைக் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் நின்று
மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்,
போடவில்லை.
அறுபத்தொன்பதுக்கு யார் பலகை வைப்பார்கள்.

இனிதாவைக் கழற்றிப் பெட்டியில் கொட்டினேன்.
'கோரா அல்ஜீப்ராவில் தேறினாள்.'
எண்ணிப் பார்த்தால் நாலு 'ஏ' வேண்டும்.
காற்றுக்குப் போனது போக மொத்தம் ஆறு,
அதில் மூன்று சாலைப் பக்கம்.
ஒன்று இடித்தது.

சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன்.
பேண்டின் வயிற்றிலிருந்து
ஒரு 'ஏ'யைப் பிடுங்கினேன்.

செவ்வாயன்று இசை ஆசிரியர் க்ரோன்
கொதிகலன் அறைக்கே இறங்கி வந்தார்.
"ஏ சுரம் இல்லாமல் என்ன கச்சேரி?"
காற்று, என்றேன்.
அன்றைக்கு ஒரு கொடிகூட அசையவில்லை.

கோரா எதுவும் சொல்லவில்லை.
பேருந்திலிருந்து இறங்கினாள்,
ஷூவைக் கழற்றினாள், நடந்தாள்.

வியாழக்கிழமை
என் துடைப்ப வண்டியில், பிழிந்த துணிக்கு அடியில்,
ஓர் 'ஏ'.
காலை உணவு டப்பாவின் அட்டையில் வெட்டியது.
முன்பக்கம் முழுக்கக் கறுப்பு மார்க்கர்,
பின்பக்கம் பாதிக் கரடி ஒன்று
கரண்டியோடு சிரிக்கிறது.
ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை.
இவளுக்கா கணக்கு வந்தது என்று கேட்பார்கள்.
இந்த ஈரத்துக்கு இரண்டு நாள் தாங்காது.

கச்சேரி நாளைக்குத்தானே.
கழியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.